முசுற்றுக் கூட்டினுள் வசிக்கும் ஜந்துக்கள்

செங்கற்பட்டுப் பக்கத்து மாந்தோப்புகளிலும், மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மணற்பாங்கான கரையில் தென்னையும் சவுக்கும் கலந்த முந்திரித் தோப்புகளிலும், பச்சிலைகளை நூலால் சேர்த்துக் கட்டிய முசுற்றுக் கூடுகளைக் காணாதவர் இலர். காய் பறிக்கும் ஆட்களைக் கடித்து வருத்துவதால், தோப்புடையோர் பலர் அவற்றைத் தீப்பந்தத்தாலோ மருந்தாலோ அழிக்க முற்படுகின்றனர். அங்ஙனம் செய்யுமுன் கூட்டினுள் எவையெவை குடியிருக்கின்றன என்று அறிதல் நலம்.

மாவுப்பூச்சிகளும் செதிற்பூச்சிகளும் இலை மடிப்புகளிலிருந்து மரத்தின் சாற்றை உறிஞ்சுகின்றன. அவை கழிக்கும் இனிப்பு நீரைப் பருகும் முசுறுகள், குடியானவன் கறவைப் பசுவைப் பேணுவதுபோல அவற்றைப் பேணி, பொறிவண்டும் குளவியும் அணுகவொட்டாமல் துரத்துகின்றன. எஞ்சிய நீர் இலைமேல் வழிந்து கரும்பூசணம் படர்கிறது. மரத்துக்கு நஷ்டம் இவ்வளவே. முசுறு இலையைத் தின்பதில்லை.

முசுற்றையே கெடுக்கும் விருந்தாளியும் உண்டு. லிபைரா என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு கூட்டினுள் புகுந்து முசுற்றின் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. தோல்போன்ற கெட்டியான மேல்மூடி இருப்பதால் அதன்மேல் கடி செல்லாது. பின்னர் வெளிவரும் பூச்சியின் மேலிருந்து உதிரும் செதில்கள் முசுற்றின் வாயிலும் உணர்கொம்பிலும் ஒட்டிக்கொள்ள, அது தப்பிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் டாட் என்பவர் இதன் வாழ்க்கையைக் கவனித்து 1902-ல் எழுதினார். கூட்டருகே முசுற்றின் உருவமே கொண்ட சிலந்தியொன்றும் திரிவதுண்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டுவதால், மற்ற ஆறு கால்களே கண்ணிற்படும். இதனால் மரத்துக்குத் தீங்கில்லை.

முந்திரியின் தளிரையும் பூங்கொத்தையும் குத்திக் கருகச் செய்யும் தேயிலைக் கொசுவை முசுறு விரட்டுகிறது. சீன தேசத்துக் கிச்சிலித் தோப்புக்காரர் இக்கூடுகளை விலைக்கு வாங்கி விட்டு, மரத்துக்கு மரம் மூங்கிற் பாலமும் அமைத்து வந்தனர். நம்மவர் அழிப்பதையே அவர்கள் காசு கொடுத்து வாங்கினர்! அன்றியும், ஒரே குடும்பம் பல மரங்களிற் பல கூடுகளாக வாழ, ராணி ஒரு கூட்டில் மாத்திரம் இருக்கும். கைக்கெட்டிய கூடுகளைக் கொளுத்துவதாற் குடும்பம் ஒழியாது.

ஆகையால், கைகளில் சாம்பல் பூசிக்கொண்டு இரண்டொரு கூட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மாவுப்பூச்சி மிகுந்திருப்பின் அச்சிறு கிளையை மட்டும் வெட்டி எரித்து, சுற்றியுள்ள தளிர்களுக்கு லிட்டர் நீருக்கு 25 கிராம் வீதம் மீனெண்ணெய்ச் சோப்புக் கரைத்துத் தெளிக்கலாம். மற்றக் கூடுகளை விட்டுவிடுக. முந்திரிக் கொட்டை தானே உதிர்வதாகலின் அங்கு ஆட்களுக்குத் தொல்லை குறைவு. மாங்காய் பறிக்கும்போது கிளைமேல் தண்ணீர் தெளித்தால் முசுறுகள் சற்றுநேரம் ஒதுங்கிநிற்கும்.