ஒளிரும் மருந்தும் நெசவாளரின் விரலும்



"ஒரு கேமராவுக்கு இவ்வளவு செலவு தேவையா?" என்று உங்களில் சிலர் எங்களைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

ஆரணியில் பட்டுத் தறிக்குப் பாவு பிணைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பழைய பாவின் இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். நுண் அறுவைச் சிகிச்சையும் ஏறக்குறைய அப்படித்தான். விபத்தில் கையின் தோலும் சதையும் போய்விட்டால், தொடையிலிருந்து தோலையும் சதையையும் இரத்தக் குழாய்களோடு எடுத்துக் கையில் பொருத்துகிறார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்களை, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள்.

தறியில் இழை அறுந்தால் உடனே தெரியும். தைத்த குழாய்க்குள் இரத்தம் உறைந்தால் வெளியே தெரியத் தாமதமாகும். முதல் இரண்டு மூன்று நாட்களே பெரிய ஆபத்து. தோலின் நிறம், சூடு, அழுத்தி விட்டால் இரத்தம் திரும்பும் வேகம் ஆகியவற்றைச் செவிலியர் கவனிப்பார்கள். ஆனால் நம்மைப் போன்ற கருத்த தோலில் நிறமாற்றத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

இங்கேதான் இண்டோசயனின் கிரீன் என்ற பச்சை மருந்து உதவுகிறது. 1950களிலிருந்தே மருத்துவத்தில் பயன்பட்டு வருவது இது. சிரையில் செலுத்தியதும் இரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பட்டால் ஒளிர்கிறது. அதைத் தனிக் கேமரா திரையில் காட்டுகிறது. இரத்தம் போகும் இடம் சில நிமிடங்களுக்குள் பளிச்சிடும். போகாத இடம் இருண்டே இருக்கும். காயத்தை மூடுமுன்பே மருத்துவர் தையலைத் திருத்தலாம். கல்லீரல் இம்மருந்தை விரைவில் வெளியேற்றிவிடுவதால், தேவைப்பட்டால் மறுபடியும் செலுத்திப் பார்க்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை. குழாய் தற்காலிகமாகச் சுருங்கினாலும் படம் இருண்டு தோன்றலாம். இன்று ஒளிர்ந்த இடத்தில் நாளை இரத்தம் உறையவும் கூடும். ஆகவே இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியருக்குக் கேமரா துணையே தவிர, மாற்று அல்ல.

பக்கத்து வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சீரமைக்கத் தொடங்கினார். கை திரும்பினால் பிழைப்பும் திரும்பும் என்பதை அந்தப் பணி காட்டியது. நெசவாளருக்கும் விரல்தான் பிழைப்பு.

ஒரு வேண்டுகோள்: விரல் துண்டானால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மீது வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது. இதை அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள்.