மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் யோகா

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பிறகும் நம் சகோதரிகள் பலரைச் சோர்வும் தோள் இறுக்கமும் வாட்டுகின்றன. படுத்தே இருந்தால் சோர்வு கூடவே செய்யும்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் இத்தகைய 200 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. வாரம் இருமுறை, 12 வாரங்கள் யோகா செய்தவர்களுக்கு, பயிற்சி முடிந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு மற்றவர்களைவிடச் சோர்வு குறைவாக இருந்தது.

மந்திரமும் சூரிய நமஸ்காரமும் நமக்கு ஆகாதே என்ற தயக்கம் நியாயமானது. அவை இல்லாமலே மூச்சுப் பயிற்சியையும் மென்மையான உடல் அசைவுகளையும் பெண் பயிற்சியாளரிடம் கற்கலாம்.

யோகா புற்றுநோயைக் குணப்படுத்தாது. மருந்தை நிறுத்தக் கூடாது. மருத்துவரின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். கை வீங்கினால் உடனே அவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்வது நபிவழி. நோயுற்ற சகோதரிகளுக்கு வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக!