தனுஷ்கோடியில் ஒரு பகல் விருந்து

புதுச்சேரிக்காரனிடம் போய், "கடல் பார்க்க வருகிறீரா?" என்று கேட்பது, கும்பகோணத்துக்காரரிடம் வெற்றிலையின் பெருமையை எடுத்துச் சொல்வதற்குச் சமானம். எங்களுக்குக் கிழக்கே திரும்பினால் கடல், சாப்பாட்டில் மீன், சாயங்காலத்தில் கடற்கரைக் காற்று. ஆகையால், பொங்கல் விடுமுறையில் ராமேசுவரம் தீவுக்குப் போய் இரண்டு நாள் தங்கி வரலாம் என்று தமிழாசிரியர் பிரஸ்தாபித்தபோது கணக்காசிரியர் பலமாக ஆட்சேபித்தார்.

"கடலுக்கும் மீனுக்கும் ரயில் சார்ஜ் வேறா?" என்றார் அவர்.

தமிழாசிரியர் மரக்கறி உணவுக்காரர். "மீன் உமக்கு, ஸ்வாமி தரிசனம் எனக்கு" என்று சமாதானம் சொன்னார். விவாதம் இவ்வாறு நடந்துகொண்டிருக்கையில், எங்கள் கூட்டத்தில் நான்காமவரும், தபால் இலாகாவில் உத்தியோகம் பார்ப்பவருமான சிநேகிதர், "நானும் வருகிறேன்" என்றார். நாங்கள் மூவரும் அவரை நிமிர்ந்து பார்த்தோம். விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு கல்யாணத்துக்குக்கூட வராத மனிதர் அவர். காரணம் கேட்டதற்கு, "அங்கே ஒரு பாக்கி இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

விழுப்புரத்தில் இரவு ரயிலைப் பிடித்தோம். பொழுது புலரும் சமயத்தில் மண்டபத்தைத் தாண்டி, வண்டி பாம்பன் பாலத்தில் ஏறிற்று. ஜன்னல் ஓரத்துக்கு அடித்துக்கொள்வதில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய வாத்தியார்களுக்கும் வித்தியாசமே இல்லை என்பதை அப்போது கண்டேன். இரு புறமும் நீர். தண்டவாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டி கடலின் மேலேயே ஊர்ந்து செல்வது போன்ற பிரமை.

இங்கே முதற்பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது இரண்டு கைகளையும் உயர்த்துவதுபோல் நடுவில் பிளந்து வழி விடும் பாலம் அது. 1964-ஆம் ஆண்டுப் புயலில் அதன் கர்டர்களில் மிகப் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் இஞ்சினீயரின் பொறுப்பில், மூழ்கிக் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துப் பூட்டி, 46 நாட்களில் மறுபடி ரயில் விட்டார்கள். நூற்றாண்டு கடந்து உழைத்த அந்தப் பாலத்தில் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் போக்குவரத்து நின்றது. இப்போது நாங்கள் சென்ற புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. இதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளமுள்ளது, அப்படியே நேராக மேலே தூக்கப்படுகிறது. கணக்காசிரியர் இந்த எண்களைக் கேட்டதும் ரயில் சார்ஜை மன்னித்துவிட்டார்.

உப்புக்கு நடுவே நன்னீர்

காலைச் சிற்றுண்டிக்குக் கோயில் வீதியில் ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தோம். எதிர் மேஜையில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று. தாயார் இட்டிலியைச் சந்தேகத்துடன் சாம்பாரில் தொட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை சர்க்கரை வேண்டுமென்று அழுதது. பரிமாறுகிற பையன் ஹிந்தியில் ஏதோ சொல்லிச் சர்க்கரை கொண்டுவந்து வைத்தான். அவனுக்கு எங்கே பாஷை கற்றுக்கொடுத்தார்கள் என்று விசாரித்ததில், "இந்த மேஜைகளில்தான், சார்" என்றான். ராமேசுவரத்து மணலைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்க் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை பூர்த்தி என்று நம் முன்னோர் வைத்தார்கள். தேச ஒற்றுமை என்று நாம் மேடையில் பேசுவதை அவர்கள் காலாலேயே நடந்து காட்டினார்கள். இந்தப் பையன் கையால் பரிமாறுகிறான்.

கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள் என்பது பிரசித்தம். எங்களை அதைவிட ஆச்சரியப்படுத்தியவை உள்ளேயிருக்கும் 22 தீர்த்தங்கள். கடல் கூப்பிடு தூரத்தில் அலையடிக்க, இங்கே வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றும் நீர் உப்புக் கரிக்காமல் இருப்பதெப்படி? மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீரைவிட லேசானது; ஆகையால் அடியிலுள்ள உப்பு நீரின்மேல் பாலாடைபோல மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர்; பேராசைப்பட்டு உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். கிணறுகள் உப்பாகிவரும் எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இது வெறும் புண்ணியக் கதை அல்ல, எச்சரிக்கையுங்கூட.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடத்தைத் தரிசித்தோம். படகுச் சொந்தக்காரர் ஒருவரின் மகனாக 1931-இல் இத்தீவில் பிறந்தவர் அவர். யுத்த காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காதபோது, ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி வீடுவீடாகக் கொடுத்த பையன், ராஷ்டிரபதியாகி, 2015-இல் இந்த மண்ணுக்கே திரும்பிவந்து உறங்குகிறார். எங்கள் தபால்கார நண்பர் அந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். "கட்டுத் தவறாமல் சேர்த்திருக்கிறார்" என்றார். அவருடைய தொழிலில் அதைவிடப் பெரிய புகழுரை கிடையாது.

வராத தந்தி

மறுநாள் காலை தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் மன்னார் வளைகுடா; நடுவே நாடாபோல் ஒடுங்கிய மணல்; அதன்மேல் 2017-இல் திறந்த சாலை. அதற்கு முன்பு மணலில் திக்குமுக்காடும் வண்டிகளில்தான் போகவேண்டும். ஓரத்துக் கழியில் பூநாரைகள் கூட்டமாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன.

அந்தப் பிரயாணத்தில்தான் நண்பர் தம் பாக்கியைச் சொன்னார். அவருடைய பாட்டனார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். 1914 முதல் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இப்படித்தான் ஆயிரக்கணக்கான ஜனங்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஐந்தேகால் லட்சம் தோட்டத் தமிழர் இந்தியாவுக்குத் திரும்பவேண்டும் என்று முடிவாயிற்று. அதைக் கேட்டதும் பாட்டனார் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாராம்: மார்கழி பிறந்ததும் புறப்படுகிறேன், தனுஷ்கோடியில் இறங்கித் தந்தி கொடுக்கிறேன் என்று.

தந்தி வரவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் தனுஷ்கோடியை நெருங்கிய ரயிலைக் கடல் முழுவதுமாக விழுங்கியது. ஊரும் போயிற்று; மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தார்கள். பாட்டனார் கரை இறங்கினாரா, கப்பலே ஏறவில்லையா, ஒன்றும் தெரியாது. பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. ஆகையால் மகனும் கர்மம் செய்யத் துணியவில்லை. இப்போது இருவரும் இல்லை. பாக்கி பேரனிடம் வந்து சேர்ந்தது.

இடிபாடுகளிடையே இறங்கினோம். பவளப் பாறைக் கற்களால் கட்டிய மாதா கோயில் கூரையிழந்து நிற்கிறது. ரயில் நிலையத்தில் சில சுவர்கள். தபாலாபீஸில் சில சுவர்கள். நண்பர் அந்தத் தபாலாபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அருகில் சில வாலிபர்கள் சிரித்தபடி படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அரிச்சல்முனையில் கடலில் இறங்கி, மூன்று கை நீர் அள்ளி விட்டார். மந்திரம் சொல்லவில்லை, பாட்டனார் பெயரை மட்டும் சொன்னார்.

எங்களுக்கோ பசி. மணல்மீது ஓலைக் குடிசைக் கடைகள் வரிசையாக இருந்தன. மஞ்சளும் மிளகாயும் பூசிய பாறை, சீலா, நெத்திலி, கணவாய் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிவைத்து, நாம் காட்டுவதைப் பொரித்துக் கொடுக்கிறார்கள். கணக்காசிரியரின் முகத்தில் இரண்டு நாளாகக் காணாத பிரகாசம் தோன்றியது. ஆனால் நண்பர் எட்டவே நின்றார். "சுடுகாட்டில் உட்கார்ந்து விருந்து சாப்பிடுவதா? நீங்கள் சாப்பிடுங்கள்" என்றார். எடுத்த கையை நாங்களும் இழுத்துக்கொண்டோம். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்?

அடுப்பருகில் இருந்த அம்மாள் இதைக் கேட்டுவிட்டாள். வயது அறுபதுக்குச் சற்று மேலிருக்கும்.

"யாரை விட்டீங்க ஐயா?" என்று கேட்டாள்.

நண்பர் சொன்னார்.

"புயல் அடிச்சப்ப நான் எங்க ஆத்தா வயித்துல. அப்பனை நான் பார்த்ததில்லை. அவரும் இந்தக் கடல்லதான். ஆத்தா வேற ஊருக்குப் போகல. இங்கேயே வந்து அடுப்பு மூட்டுச்சு, நானும் மூட்டறேன். சோறு பொங்குற இடம் சுடுகாடு ஆவுமா? நீங்க சாப்பிடாமப் போனா அவங்களுக்கு என்ன புண்ணியம்? உக்காருங்க."

நண்பர் உட்கார்ந்தார்.

சோறும், புளி தூக்கலான மீன் குழம்பும், சூடான பொரித்த மீனும் வந்தன. புதுச்சேரியில் மீன் தின்னாத நாளைப் பஞ்சாங்கத்தில் தேடிப் பார்க்கவேண்டிய நான், அன்றுதான் மீனின் ருசியை அறிந்தேன் என்றால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள், ஆகையால் சொல்லவில்லை. தமிழாசிரியருக்கு வேகவைத்த பனங்கிழங்கும் கறுப்புத் தேநீரும் கிடைத்தன. கிழங்கை நார் உரித்துத் தின்பதில் அவர் காட்டிய சிரத்தையை இலக்கணத்தில்கூட நான் கண்டதில்லை.

தண்ணீர் கேட்டோம். அம்மாள் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். தித்தித்தது. மணலில் கையால் பள்ளம் தோண்டினால் ஊறுகிற ஊற்று நீர் அது. கோயிலுக்குள் பார்த்த அதே அற்புதம், இங்கே கோபுரமில்லாமல். "சிரட்டையால மெதுவா மொள்ளணும், அவசரப்பட்டா உப்பு வந்துடும்" என்றாள்.

வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். "ஆண் கடல்தானே எப்போதும் கொந்தளிக்கும்?" என்று கணக்காசிரியர் கேட்டார். "காத்து மாறினா அதுவும் மாறும் ஐயா, வாடைக் காத்துல வடக்கால முறைக்கும்" என்று அம்மாள் சிரித்தாள். கடலுக்குப் போன மகன் வலையோடு திரும்பும்வரை தனக்குத் தூக்கம் இல்லை என்றும் சொன்னாள். நீரில் கோடு தெரியாது. ஆனால் கோட்டைத் தாண்டினால் சிறை. எதிர்க்கரைக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். 2022-இல் இலங்கையில் பசியும் பஞ்சமும் வந்தபோது, குழந்தைகளுடன் ஓடிவந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த மணல் திட்டில்தான் வந்து இறங்கின.

எங்கள் ஊர்க் கடற்கரையிலும் 1952-ஆம் ஆண்டுப் புயல் பழைய கடற்பாலத்தைக் கொண்டுபோயிற்று. பிறகு கட்டிய பாலத்திலும் ஒரு பகுதி 2022-இல் சரிந்தது. கடல் எடுத்துக்கொண்டதை எண்ணிப் பெருமூச்சு விடுவது சுலபம். எடுத்துக்கொண்ட இடத்திலேயே மறுபடி அடுப்பு மூட்டுவதுதான் கஷ்டம். பாம்பனில் 46 நாட்களில் பாலத்தை நிமிர்த்தியவர்களை நாடு கொண்டாடுகிறது, கொண்டாடவேண்டியதே. தேசத்தின் கடைசி முழத்தில் அறுபது வருஷமாக உலை வைப்பவளை யார் கொண்டாடுவது? ராமேசுவரம் போகும் நேயர்கள் அவசியம் அந்தக் குடிசைகளில் ஒரு வேளை சாப்பிடவேண்டும். பேரம் பேசாமல் காசு கொடுக்கவேண்டும். கொண்டுபோன புட்டியையும் காகிதத்தையும் திருப்பிக் கொண்டுவந்துவிடவேண்டும். விருந்தாளிக்கும் ஒரு தர்மம் உண்டல்லவா?

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் திரும்பிவிடவேண்டும் என்பது அங்கே விதி. ராமேசுவரம் வந்ததும் நண்பர் ஒரு தபால் கார்டை எடுத்து, ஊரிலுள்ள தம் அத்தைக்கு எழுதினார். பாட்டியின் கடைசி மகள் அந்த அம்மாள், எண்பதை நெருங்குகிறார்.

"தாத்தா இறங்குவதாகச் சொன்ன ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். இங்கே நம் மனிதர்கள் இருக்கிறார்கள். சோறு போட்டார்கள். சாப்பிட்டேன்."

பெட்டியில் போடுவதற்கு முன் விலாசத்தை இரண்டு தடவை சரிபார்த்தார்.