ஒரு கோப்புக்குத் தந்த அனுமதி

பள்ளிச் சேர்க்கைக்கும் வேலை விண்ணப்பத்திற்கும் வங்கிக் காரியத்திற்கும் வேண்டிய சான்றிதழ்களையெல்லாம் கைப்பேசியில் சேர்த்து வைத்துக்கொண்டு, அவசியம் நேரும்போது ஜெராக்ஸ் கடைக்கோ பிரவுசிங் சென்டருக்கோ சென்று, கடைக்காரர் நீட்டுகிற கேபிளைச் செருகி, “இந்த ஒன்றை மட்டும் பிரிண்ட் போடுங்கள்” என்று சொல்லிக் காத்திருப்பது நம் ஊர்களில் சர்வ சாதாரணமான வழக்கமாகிவிட்டது. கடைக்காரர்களில் பெரும்பாலோர் யோக்கியர்களே. ஆயினும், நம் அந்தரங்கத்தின் பாதுகாப்பை முன்பின் அறியாத ஒருவருடைய யோக்கியதையின்மேல் மட்டுமே நிறுத்தி வைப்பது விவேகமாகாது.

ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கணினியோடு இணைத்ததும் அது சாதாரணமாக மின்னேற்றத்தை மட்டுமே ஏற்கும். கோப்புப் பரிமாற்றம் என்பதை நாமே தேர்ந்தெடுத்த பின்னர்தான் வாயில் திறக்கிறது. திறந்த பிறகோ, நாம் கேட்ட ஒரு கோப்பு மட்டுமன்றி, கேமரா எடுத்த படங்கள், இறக்கிய ஆவணங்கள், வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த படங்களும் குரற்பதிவுகளும் அடங்கிய பொதுச் சேமிப்பகம் முழுவதும் அந்தக் கணினிக்குப் புலப்பட்டுவிடுகிறது. ஐபோன், ‘இக்கணினியை நம்பலாமா’ என்று கேட்கிறது. ஒருமுறை ‘நம்பலாம்’ என்று சொல்லிவிட்டால், அந்தக் கணினியை அது நினைவில் வைத்துக்கொள்ளும்; அந்த நம்பிக்கையை அமைப்புகளுக்குள் சென்று நாமே ரத்து செய்யலாம்.

கேபிளைத் தவிர்த்து, கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து அனுப்புவோரும் உண்டு. அதில் அபாயம் இன்னும் அதிகம். ஏனெனில், 2021-க்குப் பின் வந்த ஏற்பாட்டின்படி, நம் கைப்பேசியில் இணையம் இல்லாதபோதும் இணைக்கப்பட்ட கணினியில் உரையாடல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். லாகவுட் செய்ய மறந்து வீடு திரும்பியவருடைய செய்திகளை அங்கே அமர்ந்து யாரும் வாசிக்கலாம். அச்சிட்ட பிறகு கணினியிலேயே தங்கிவிடும் பிரதியும் அலட்சியம் செய்யத் தக்கதன்று. இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோர், அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நம்மை அறிந்த எவரும் அதை ஊகித்துவிடலாம்.

அந்தரங்கம் அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் 43-ஆம் பிரிவில், உரியவருடைய அனுமதியின்றிக் கணினியிலிருந்து தகவலை நகலெடுப்பதையும் வைரஸைப் புகுத்துவதையும் நஷ்டஈட்டுக்கு உரிய செயல்களாக வகுத்திருக்கிறது. இச்சட்டத்தின் விளக்கப்படி கைப்பேசியும் இதில் அடங்கும். அதே செயல் நேர்மையற்ற நோக்கத்தோடு செய்யப்பட்டால், 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, கைப்பேசியைக் கையில் கொடுத்தாயிற்று என்பதனாலேயே எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடாது. ஒரு கோப்புக்குத் தந்த அனுமதி அந்த ஒரு கோப்போடு முடிந்துவிடுகிறது.

சட்டம் வகுத்த இந்த எல்லையை நடைமுறையிலும் நாமே காத்துக்கொள்ளச் சுலபமான உபாயங்கள் உள. வேண்டிய கோப்பை மட்டும் கைப்பேசியோடு பென்டிரைவை இணைக்கும் ஓடிஜி இணைப்பான் வழியாக ஒரு பென்டிரைவில் எடுத்துச் சென்றால் கைப்பேசியைக் கொடுக்க வேண்டிய அவசியமே எழாது. வீடு வந்ததும் அந்தப் பென்டிரைவை வைரஸ் சோதனை செய்யாமல் திறக்கலாகாது. கைப்பேசியையே இணைக்க நேர்ந்தால், கடைக்காரர் அருகிலேயே நின்று, காரியம் முடிந்ததும் கேபிளைக் கழற்றி, நகலைக் கணினியிலிருந்தும் அதன் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலை அவ்வப்போது பார்த்து, அறிமுகமில்லாததை வெளியேற்றுங்கள். முழு ஆதார் எண் கட்டாயமில்லாத இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே கொடுங்கள்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் தீங்கு நேர்ந்தால், மிரட்டல் செய்தியையோ வெளியான படத்தையோ பதற்றத்தில் அழித்துவிடாமல், தேதியும் எண்ணும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எந்த வகை சைபர் குற்றத்தையும் மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படப் புகார்களைப் பெயர் வெளியிடாமலும் தரலாம். குற்றம் எங்கே நடந்தது என்ற எல்லைத் தகராறு சொல்லி எந்தக் காவல் நிலையமும் உங்களைத் திருப்பியனுப்ப இயலாதவாறு, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழி செய்திருக்கிறது. நஷ்டஈடு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாதவரை, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரியாவார்.

இந்தப் பரிகாரங்களெல்லாம் இருந்தும் அநேகர், சிறப்பாக இளம்பெண்கள், வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி வாய் மூடி இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனமே மிரட்டுகிறவனுக்கு மூலதனம். ஆதலால், தன் பிள்ளை இத்தகைய துன்பத்தைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும்போது, “ஏன் போனைக் கொடுத்தாய்?” என்று கேட்பதை விட்டு, உடன் எழுந்து காவல் நிலையத்திற்குப் புறப்படுகிற பெற்றோரே, சட்டம் எழுதி வைத்த உரிமையை மெய்யாக்குகிறவர்கள்.