ஒரு பழைய எஞ்சினின் பலமும் பலவீனமும்

1985-ஆம் ஆண்டில் சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அம்பாசடரையும் பத்மினியையும் பார்த்துப் பழகிய நம் ஜனங்கள், அதன் தாழ்ந்து நீண்ட முன்பாகத்தையும் பின்னோக்கிச் சரிந்திறங்கும் கூரையையும் கண்டு அதிசயித்தார்கள். அந்த உருவம் இங்கிலாந்தில் 1976-இல் வெளிவந்து, 1977-க்குரிய ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்ற ரோவர் காருடையது. அங்கே அதன் பானெட்டுக்கு அடியில் இருந்தது எட்டு சிலிண்டர்களும் மூன்றரை லிட்டர் கொள்ளளவும் கொண்டு, சுமார் 155 குதிரைச் சக்தி தந்த எஞ்சின். இங்கே அந்த இடத்தில் பொருத்தப்பட்டதோ, 1,991 சி.சி. கொள்ளளவும் சுமார் 83 குதிரைச் சக்தியும் உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். ஏறக்குறைய மூன்று வருஷங்களில், 1988 வாக்கில், அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோயிற்று.

பழியெல்லாம் எஞ்சின்மேல் விழுந்தது. கிழட்டு எஞ்சின் என்று ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிட்டவர்கள், ஒரு காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற பந்தயக் காரை இழுத்ததும் அதே வம்சத்து எஞ்சின்தான் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. அதன் பலவீனங்கள் எவை, அவை எங்கிருந்து வந்தன என்று ஆராய்ந்தால், பெரும்பாலான குறைகள் தனியே பிறந்தவையல்ல, ஒரு நற்குணத்தோடு சேர்ந்தே பிறந்தவை என்பது விளங்கும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனி தன் 'வான்கார்டு' காருக்காக இந்த எஞ்சினை வடிவமைத்தது. அதையே ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டருக்கும் கொடுத்தது. ஏர் உழுவதற்கும் குடும்பத்தோடு பிரயாணம் செய்வதற்கும் ஏற்ற இந்தச் சாதுவான யந்திரத்தை, 1953-இல் 'டிரயம்ப் டி.ஆர்.2' என்ற சிறிய விளையாட்டுக் காரில் வைத்தபோது, அதன் சக்தி 68 குதிரையிலிருந்து 90 ஆக உயர்ந்தது. அந்த வருஷம் மே மாதம், பெல்ஜியத்தின் ஜாபெக்கே நெடுஞ்சாலையில், காற்றின் எதிர்ப்பைக் குறைக்கச் சில மாறுதல்கள் செய்யப்பட்ட ஒரு டி.ஆர்.2, கென் ரிச்சர்ட்சன் ஓட்ட, மணிக்கு 124 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. மறு வருஷமே பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலிப் பந்தயத்தில் அந்தக் கார் முதலிடம் பெற்றது.

இந்த எஞ்சினின் விசேஷம் அதன் ஈர லைனர். சாதாரணமாக சிலிண்டர் என்பது இரும்பு பிளாக்கிலேயே குடைந்த துளை. இதிலோ பிளாக் ஒரு வெற்றுப் பெட்டி, அதற்குள் நான்கு இரும்புக் குழாய்கள் தனித்தனியே இறக்கப்பட்டு, அவற்றைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். குழாயை மாற்றினால் எஞ்சினின் அளவே மாறும்: 85 மில்லிமீட்டர் குறுக்களவில் 2,088 சி.சி. கொண்ட வான்கார்டு எஞ்சின், 83 மில்லிமீட்டர் லைனர் போட்டதும் 1,991 சி.சி. ஆகி, இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் சேரும் யோக்கியதையைப் பெற்றது. தேய்ந்துபோனாலும் பிளாக்கை லேத் பட்டறைக்குத் தூக்கிச் சென்று போரிங் செய்ய வேண்டியதில்லை. புதிய லைனரும் பிஸ்டனும் வாங்கிப் போட்டால் போதும்.

இந்த வசதிக்கு விலையாக வந்ததே முதல் பலவீனம். லைனர்களின் அடியில், இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக, எட்டு என்ற எண்ணின் வடிவில் மெல்லிய கேஸ்கெட்டுகள் இருக்கின்றன. மேலே தண்ணீர், கீழே சம்ப்பில் ஆயில், இரண்டுக்கும் இடையே காவல் இந்தத் தகடுகள் மட்டுமே. லைனரின் விளிம்பு பிளாக்கின் மேற்பரப்பைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு வரை உயர்ந்து நின்றால்தான் ஹெட் அதைச் சரியாக அழுத்திப் பிடிக்கும். ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக், லைனர்களைக் கிளாம்ப் போட்டு நிறுத்தாமல் கிராங்க்கைச் சுற்றிவிட்டால், பிஸ்டனோடு லைனரும் சற்றே எழும்பி, அடிக் கேஸ்கெட்டின் பிடி விட்டுப்போகும். பிறகு தண்ணீர் ஆயிலில் இறங்கி, டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் பாலேடு போல வெளுத்த குழம்பு ஒட்டியிருக்கும். லைனர்களின் காலடியில் துருவும் வண்டலும் படிந்து சூட்டைப் பெருக்குவது இன்னொரு தொல்லை. கொச்சியைப் போல உப்புக் கலந்த கிணற்று நீர் கிடைக்கும் ஊர்களில், கைக்கு எட்டிய தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இந்த எஞ்சினுக்குப் பெரும் விரோதி.

இரண்டாவது பலவீனம் கிராங்க்கில் இருக்கிறது. பிஸ்டன் 92 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. நீண்ட ஸ்ட்ரோக் ஆகையால் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை கிடைக்கும், டிராக்டருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அந்த விசையையெல்லாம் தாங்கும் கிராங்க்கைப் பிடித்து நிற்பவை மூன்றே மெயின் பேரிங்குகள். பந்தயத்தில் ஓயாமல் முடுக்கிய எஞ்சின்களில் கிராங்க் முறிந்ததும் உண்டு.

மூன்றாவது, உருவத்தில் அற்பமானது, விளைவில் அப்படியல்ல. கிராங்க் முன்னும் பின்னும் நகராதபடி தடுக்க, அரைச்சந்திர வடிவில் திரஸ்ட் வாஷர்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்பட்டு, அந்த அழுத்தம் முழுவதும் இவற்றின்மீது விழுகிறது. கூட்டம் நெரியும் கொச்சி பிராட்வேயில், சுமை வண்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் பின்னால் அங்குலம் அங்குலமாக நகரும் ஒருவர், கிளட்ச்சிலிருந்து காலை எடுக்காமலே அந்தக் கடைத்தெருவைக் கடப்பாரானால், நெடுஞ்சாலையில் வெகுதூரம் ஓடியும் தேயாத வாஷர் அங்கே தேயும். தேய்ந்து விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். பரீட்சை மிக எளிது: எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்கத்துக் கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். இருக்க வேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 முதல் 6 பங்குதான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி புல்லி நகர்ந்தால் சம்ப்பைத் திறக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகுப் புரி போன்ற ஒரு வரிப்பள்ளம், சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். உரசித் தேயும் பாகம் இல்லை என்பது இதன் சிறப்பு. வண்டி நின்றதும் தரையில் ஆயில் சொட்டுவது இதன் குறை. எஞ்சினின் சக்தி மட்டும் கூடிக்கொண்டு போயிற்று: டி.ஆர்.2-ஐ அடுத்து 1955-இல் வந்த டி.ஆர்.3 காரில் அது 95 குதிரை ஆயிற்று. பிறகு எரிபொருட்கலவை தாராளமாக உட்புகும்படி ஹெட்டின் துவாரங்கள் திருத்தப்பட்டு, அது 100 ஆக உயர்ந்தது. அடிப்படைக் குறைகளோ அப்படியே இருந்தன. உரிமையாளர்கள் அவற்றை அறிந்திருந்தார்கள், அறிந்து ஓட்டினார்கள்.

இனி ஸ்டாண்டர்டு 2000-க்கு வருவோம். ஸ்டாண்டர்டு 20 வேனில் ஓடிக்கொண்டிருந்த இந்த எஞ்சின் சென்னைக் கம்பெனியின் கைவசம் இருந்தது. அந்நிய இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு நிலவிய காலத்தில் அதை உபயோகிக்க எண்ணியதில் நியாயம் உண்டு. ஆனால் டி.ஆர்.2 ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ளது; ரோவர் உடல் கொண்ட இந்தக் காரோ அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. அந்தப் பாரத்தை இழுக்க எஞ்சினை எப்போதும் முடுக்கியே வைக்க வேண்டியிருந்தது. அதே சமயத்தில் கான்டெஸா என்ற காரும் அம்பாசடரின் ஒன்றரை லிட்டர் எஞ்சினோடு திணறிற்று. பிற்பாடு இசுசூ எஞ்சின் கிடைத்ததும் அது சுறுசுறுப்படைந்தது. ஸ்டாண்டர்டு 2000-க்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

ஒரு யந்திரத்தின் பலவீனத்தை மறைப்பது அதற்கு மரியாதை ஆகாது. இவ்வளவு தூரம்தான் இது தாங்கும் என்று ஒளிவின்றிச் சொல்லி, அந்த எல்லைக்குள் அதன் முழுத் திறமையையும் வாங்கிக்கொள்வதே மரியாதை. இந்த எஞ்சினோடு இன்றும் பழைய கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை சிலவே: சுத்தமான தண்ணீரோடு கூலன்ட் ஊற்றுங்கள், சிக்னலில் நின்றால் நியூட்ரலுக்குத் தள்ளிக் கிளட்ச்சை விட்டுவிடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை புல்லியின் நகர்வை அளந்து பாருங்கள், ஹெட்டைக் கழற்றியதும் லைனருக்குக் கிளாம்ப் போடாத மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.