எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: காப்பீட்டுக்குக் குறுக்கே நிற்கும் இரண்டு எண்கள்

புதுதில்லி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தென்மலை அடிவாரத்தில் உள்ள கொல்லங்கோட்டில் வசிக்கும் நீரிழிவு நோயாளி ஒருவருக்கு உடல் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் பரிந்துரைக்கலாம். ஆனால், அதற்கான செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்குமா என்பதைத் தீர்மானிப்பவை 40, 35 என்ற இரண்டு எண்களே. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1991-ம் ஆண்டு கூட்டிய நிபுணர் குழு வகுத்த அதே எண்கள்தான் இந்தியக் காப்பீட்டு ஆவணங்களிலும் இடம்பெற்றுள்ளன.

இந்தியர்களுக்கென இந்திய மருத்துவ நிபுணர்கள் வகுத்த அளவுகோல் இதைவிடக் குறைவானது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டவர்கள், மருத்துவரின் பரிந்துரை கையில் இருந்தும் சில லட்சம் ரூபாய் செலவைத் தாங்களே ஏற்க வேண்டிய நிலையில் உள்ளனர்.

2019-ல் வந்த வாசகம்

முன்பு பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் உடல் பருமனுக்கான சிகிச்சை அடியோடு விலக்கப்பட்டிருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பரில் விலக்குகளுக்குப் பொதுவான வாசகங்களை வகுத்தது. அதன்படி, குறிப்பிட்ட நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறினால் இந்த அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு.

மருத்துவரின் ஆலோசனையின்பேரில், மருத்துவ நெறிமுறைகளுக்கு உள்பட்டு அறுவை நடைபெற வேண்டும். நோயாளி 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40-க்குள் இருந்தால், பருமனால் ஏற்பட்ட இதயத் தசை நோய், இதய ரத்தக் குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கடும் பாதிப்பு, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அறுவை அல்லாத எளிய முறைகள் பலனளிக்காமல் போயிருக்கவும் வேண்டும்.

எளிய முறைகளை எத்தனை மாதம் கடைப்பிடித்தால் அது தோல்வியாகக் கருதப்படும் என்பதை அந்த வாசகம் வரையறுக்கவில்லை. உடல் எடையைக் குறைக்கும் மவுஞ்சாரோ ஊசி மருந்து 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு இந்தத் தெளிவின்மை கூடியிருக்கிறது. பெரும்பாலான பாலிசிகள் புறநோயாளிச் செலவை ஏற்பதில்லை என்பதால், அந்த மருந்துக்கும் நோயாளியே பணம் செலுத்த வேண்டியிருக்கிறது.

கணக்கில் வரும் வேறுபாடு

உடல் எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே பி.எம்.ஐ. 160 செ.மீ. உயரமுள்ளவர் 102.4 கிலோ எடை இருந்தால் அவரது குறியீட்டெண் 40, 89.6 கிலோ இருந்தால் 35.

இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்து, நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுகின்றன. இதைக் கருத்தில் கொண்டு 2009-ல் வெளியான இந்திய நிபுணர்களின் கருத்தொற்றுமை அறிக்கை, இணை நோய் இருந்தால் 32.5, இல்லாவிட்டால் 37.5 என அறுவைக்கான வரம்பை நிர்ணயித்தது. அதே 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது முறையே 83.2 கிலோ, 96 கிலோ ஆகும்.

அதாவது, 86 கிலோ எடையும் கட்டுக்கடங்காத நீரிழிவும் உள்ள ஒருவர் 2009 அறிக்கையின்படி அறுவைக்குத் தகுதியானவர். காப்பீட்டு விதியின்படி அவர் இன்னும் ஏறத்தாழ 4 கிலோ கூட வேண்டும். நோயைத் தடுக்க வேண்டிய ஏற்பாடு, நோய் முற்றும்வரை காத்திருக்கச் சொல்கிறது.

1991 அளவுகோலை வெளிநாட்டு மருத்துவர்களே கைவிட்டுவிட்டனர். இத்துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் 2022-ல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல், இணை நோய் இல்லாவிட்டாலும் 35-லிருந்து அறுவையைப் பரிந்துரைக்கிறது. ஆசிய மக்களுக்கு 27.5-லிருந்தே இந்த வாய்ப்பை அளிக்கலாம் என்கிறது.

கேரளத்தின் நிலை

2019-21-ம் ஆண்டின் 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி கேரளப் பெண்களில் 38.1 சதவீதத்தினரும் ஆண்களில் 36.4 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். தமிழகத்தில் இது முறையே 40.4, 37 சதவீதம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று கூறியது. கேரளத்தில் அது 25.5 சதவீதம்.

ஆனால், இதில் மாநில அரசால் செய்யக்கூடியது குறைவு. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. காப்பீடு மத்தியப் பட்டியலில் உள்ளது. தனிநபர் வாங்கும் பாலிசியின் நிபந்தனையைத் திருவனந்தபுரத்தால் மாற்ற முடியாது.

கோவைக்குச் செல்வோர் கவனத்துக்கு

தமிழர்கள் கணிசமாக வாழும் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது கொல்லங்கோடு. இங்கிருந்து பாலக்காடு, திருச்சூருக்குச் செல்வதைப் போலவே பொள்ளாச்சி வழியாகக் கோவைக்கும் சிகிச்சைக்குச் செல்லலாம். மாநில எல்லையைக் கடந்தாலும் தனியார் பாலிசி செல்லும். எனினும், தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதா என்று முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் ரொக்கமின்றிச் சிகிச்சை பெறும் ஏற்பாட்டைப் பொதுக் காப்பீட்டு மன்றம் 2024 ஜனவரியில் அறிவித்தது. திட்டமிட்ட அறுவையாக இருந்தால் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையும் இசைய வேண்டும்.

தகுதி பெற்றாலும் முழுத் தொகையும் கிடைத்துவிடும் என்பதில்லை. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. நீரிழிவையும் உடல் எடையையும் விண்ணப்பத்தில் மறைத்தவர்களின் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் செலுத்திய பிறகு, மோசடி நிரூபணமானால் தவிர, இக்காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது.

அறை வாடகை வரம்பு மற்றொரு பொறி. சில பாலிசிகளில் நாள் வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் மட்டுமே. ரூ.3 லட்சம் பாலிசி வைத்திருப்பவர் ரூ.3,000-க்குப் பதிலாக ரூ.6,000 அறையில் தங்கினால், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் பாதியாக வெட்டப்படக்கூடும். மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்கு இந்த வெட்டு பொருந்தாது. அறுவைக்குப் பிறகு ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய சத்து மாத்திரைகளின் செலவும் நோயாளியைச் சேர்ந்ததே.

மறுக்கப்பட்டால்

2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் கோரிக்கை ஆய்வுக் குழு ஒப்புதல் அளிக்காமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது. மறுப்புக்கான காரணத்தை எந்த நிபந்தனையின் கீழ் என்று குறிப்பிட்டு எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். நிறுவனத்திடம் அளித்த புகாருக்கு 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ கொச்சியில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். கட்டணம் இல்லை. ரூ.50 லட்சம் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கலாம்; அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

நாடாளுமன்றத்தின் பங்கு

இந்த அறுவைச் சிகிச்சை தில்லிக்குப் புதிதல்ல. பாஜக தலைவராக இருந்த நிதின் கட்கரி 2011-லும், மத்திய நிதி அமைச்சராக இருந்த அருண் ஜேட்லி 2014-லும் இதைச் செய்துகொண்டனர். 2025 பிப்ரவரியில் வானொலி உரையில் பருமனுக்கு எதிராகப் பேசிய பிரதமர் மோடி, சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைக்குமாறு வேண்டுகோள் விடுத்தார். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ல் நீக்கப்பட்டது. ஆனால், 40, 35 என்ற எண்கள் மாறவில்லை.

1999-ம் ஆண்டின் ஆணையச் சட்டப்படி, விதிகளும் ஒழுங்குமுறைகளும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாள்கள் வைக்கப்பட வேண்டும். உறுப்பினர்கள் அவற்றில் திருத்தம் கோரலாம். ஆனால், விலக்குகளை வரையறுத்த 2019 ஆவணம் ஒழுங்குமுறையாக அன்றி, வழிகாட்டுதலாக வெளியிடப்பட்டது. எனவே, அந்தக் கட்டாயம் அதற்குப் பொருந்தவில்லை. லட்சக்கணக்கான பாலிசிதாரர்களைப் பாதிக்கும் ஒரு வரம்பு மக்கள் பிரதிநிதிகளின் பரிசீலனைக்கு வராமலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்திய அளவுகோலை ஏற்றால் பிரீமியம் உயரும் என்ற வாதத்துக்கு இடமுண்டு. ஆனால், நீரிழிவு முற்றிய பிறகு சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஆகும் செலவும் அதே காப்பீட்டு நிதியிலிருந்துதான் வழங்கப்பட வேண்டும். எது அதிகம் என்பதை ஆணையம் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உண்டு.