ஓர் உறையில் இரு வாள்கள்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை, சாத்தனூர்ப் பகுதிகளில் கல்லாய்ச் சமைந்த கடலுயிர்கள் கிடைப்பதை நாம் அறிவோம். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் அலையடித்தது என்பதற்கு அவை சான்று. கடல் விலகிப்போன இம்மண்ணிலே, குன்னத்து வீடொன்றில், கண்ணாடித் தொட்டிக்குள் கடல்மீன் வளர்க்க இயலுமா? இயலும்.

லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு மட்டும் போதாது. வெப்பம் 26 முதல் 28 பாகை செல்சியஸ் இருத்தல் நலம். மீன்கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்தபின்னும் ஒரு சிக்கல் எஞ்சும். அதுவே எல்லைச் சண்டை.

பவளப்பாறையில் வாழும் பல மீன்கள் தத்தம் இடத்தைக் காத்துக்கொள்பவை. தன் இனத்தில், தன் பாலைச் சேர்ந்த மற்றொன்று வந்தால், அது இடத்துக்கும் இரைக்கும் துணைக்கும் போட்டி. கடலில் தோற்றது ஓடிவிடும். தொட்டியில் எங்கே ஓடும்? அங்கே மிரட்டலோடு முடிவது இங்கே கொலையில் முடிகிறது.

அப்படியானால் ஒரே பால் மீன்கள் இரண்டைச் சேர்த்து வளர்க்கவே முடியாதா? மன்னார் வளைகுடாவிலும் வாழும் கோமாளி மீன் இதற்கு வியப்பான விடை தருகிறது. ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், ஏனையவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறும். சிறியவற்றுள் பெரியது ஆணாகும். ஃபிரிக்கே என்பார் இதனை 1977இல் விளக்கினார். சிறியவை தம் வளர்ச்சியையே அடக்கி, மூத்தவற்றோடு பருமனில் இடைவெளி காக்கின்றன என்று 2003இல் பஸ்டன் காட்டினார். அடங்கியது இருக்கும், மிஞ்சியது விரட்டப்படும்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவு. பருமனில் வேறுபட்ட இரண்டு இளம் கோமாளி மீன்களைச் சேர்த்துவிட்டால் பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாகும். சிறியது உடலைச் சாய்த்து நடுங்கிக் காட்டுவது பணிவின் அடையாளம். அதை நோயென்று அஞ்ச வேண்டா. ஆனால் பெண்ணாகிவிட்டது மீண்டும் ஆணாவதில்லை. ஆகவே முதிர்ந்த பெண்கள் இரண்டைச் சேர்ப்பது ஓர் உறையில் இரு வாள்களைச் செருகுவது போன்றது.

எல்லா மீனுக்கும் இவ்விதி பொருந்தாது. பிற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்னும் துப்புரவு மீனில் முறை தலைகீழ்: பல பெண்களுக்கு ஓர் ஆணே தலைமை, அது இறந்தால் பெரிய பெண் ஆணாகும். 1972இல் ராபர்ட்சன் இதனை வெளியிட்டார். அவ்வினத்தில் ஆண்கள் இரண்டைச் சேர்த்தல் ஆகாது.

செய்யத்தக்கவை சில: மீன்களை ஒரே நேரத்தில் விடுக. பின்னர் ஒன்றைச் சேர்த்தால் கற்களை இடம் மாற்றுக; பழைய எல்லை குலைந்துபோகும். ஒளிந்துகொள்ளப் பல பொந்துகள் அமைக்க. துடுப்பு கிழியக் கண்டால் துளையிட்ட தடுப்பால் உடனே பிரிக்க.

மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆய்வு நிலையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துள்ளனர். பாறையில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா என்று கேட்டு வாங்குவோம். பவளத்தைத் தொடவே வேண்டா. 2001 முதல் அது வனவுயிர்ச் சட்டத்தின் காப்பில் உள்ளது.